முட்டுக் கொடுத்த மாளிகையில் ஒரு பொங்கல்

1

இத்தாலியில் மாளிகையில் குடியிருக்கிறேன் என்று கடிதம் எழுதினால் ஊரில் நம்புகிறார்கள். உண்மைதான், மாளிகைதான். வாசலில் கல்லில் செதுக்கிய சிங்கத்தலை இருக்கிறது. மாடிப்படி பளிங்கு. என் குசினிக் கூரையில் இறக்கை முளைத்த இரண்டு குழந்தைகள் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. அதில் ஒரு குழந்தைக்குத் தலை இல்லாமல் இருந்தது. தலை இருந்த இடத்தால் மழை ஒழுகும். எங்கள் கட்டடம் ஒழுங்கையின் எதிர்ப்பக்கக் கட்டடத்தின்மேல் சாய்ந்துவிடாதபடி, இரண்டுக்கும் நடுவே பெரிய மரக்குற்றிகளைக் குறுக்கே கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள். அந்த முட்டுகளின்மேல் புறாக்கள் குடும்பம் நடத்தி, கீழே கொடியில் காயும் என் சேலைகளை நாசமாக்கின. இதையெல்லாம் நான் கடிதத்தில் எழுதியதில்லை.

போன கிழமை அந்த முட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, தன் மகளைப் பார்க்கப் போயிருந்தபடியால் எனக்கு லீவு. கடைசிக் குற்றி பாரந்தூக்கியில் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டு போனதும், என் குசினிக்குள் வெயில் வந்து விழுந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை. வெள்ளை என்று நான் நினைத்திருந்த ஒரு மூலை பழுத்த மஞ்சள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரார் வீட்டைத் துடைத்துத் துடைத்தே பிழைக்கிறவளின் குசினி! கொஞ்ச நேரம் கதிரையில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகு வாளியை எடுத்தேன்.

நாங்கள் இந்த வீட்டில் எப்படி நிலைத்தோம் என்ற கதை ஊரில் பாதிதான் தெரியும். என் கணவர் டெலிபோனில் சொன்ன பாதி. அதில் அவர்தான் கதாநாயகன். மீதியை நான் எழுதாமல் விட்டால் அதுவே சரித்திரமாகிவிடும்.

2

முதலில் ஒரு விஷயம். என் கணவரை இந்தக் குறிப்பில் ‘இவர்’ என்றே எழுதுவேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இத்தனை வருடம் சொல்லாததைப் பத்திரிகைக்காகச் சொல்லப் போவதுமில்லை. இவர் ஒரு வக்கீல் வீட்டில் சமையல்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்தவரையில் சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாதவர், இங்கே கத்தரிக்காயில் என்னென்னவோ வித்தை காட்டுகிறார். வீட்டில் காட்டுவதில்லை.

நாங்கள் இருப்பது பலெர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால். அறுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம் இங்கிருந்து உள்நாட்டுப் பக்கம், பெலீச்சே என்ற பள்ளத்தாக்கில், பெரிய நிலநடுக்கம் வந்தது. ஊர் ஊராகத் தரைமட்டமாகின. பலெர்மோ விழவில்லை. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வாங்கி ஏற்கெனவே இளகியிருந்த இந்தப் பகுதி வீடுகள் அன்று வாய் பிளந்துவிட்டன. வசதி உள்ளவர்கள் பயந்து, சீசா என்ற பகுதியிலும் அதற்கு அப்பாலும் எழும்பிய புது அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். வெறுமையாகிப்போன அறைகளுக்கு எத்தனையோ வருடம் கழித்து யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் வந்து சேர்ந்தோம். நிலம் குலுங்கி ஓடியவர்களின் வீட்டில், குண்டு விழுந்து ஓடிவந்தவர்கள் குடியேறினோம். வாடகை குறைவு. ஏன் குறைவு என்று வந்த முதல் மழைக்கே விளங்கிவிட்டது.

எங்களுடையது மூன்றாம் மாடி. குசினிச் சுவரில் கூரையிலிருந்து நிலம்வரை ஒரு வெடிப்பு. சின்னவிரல் உள்ளே போகும். குளிர்காலத்தில் அதற்குள்ளால் வருகிற காற்றில் கேஸ் அடுப்பு அணைந்துவிடும். நிலமும் ஒரு பக்கம் சரிவு. மேசையில் வைத்த தேசிக்காய், எலுமிச்சம்பழம், உருண்டு விழுந்தால், அங்கே இங்கே தேடத் தேவையில்லை. நேரே குசினியைத் தாண்டி பல்கனிக் கதவடியில் போய் நிற்கும். என் மகள் துளசி தவழ்ந்த காலத்திலிருந்து அதுதான் அவள் விளையாட்டு. நான் இந்தப் பக்கமிருந்து விடுவேன், அவள் அந்தப் பக்கத்தில் குந்தியிருந்து பிடிப்பாள்.

தேசிக்காய் உருளுவது விளையாட்டு. பால் சரிவது விளையாட்டில்லை. தைப்பொங்கலன்று பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கிழக்கே வழிந்தால் அந்த வருடம் நன்றாக இருக்கும். எங்கள் குசினியின் சரிவோ மேற்கே. ஆகவே எங்கள் பால் வருடம் தவறாமல் மேற்கே வழிந்தது. இவர் அடுப்பின் காலுக்கு மட்டை மடித்து வைத்துப் பார்த்தார். பானை கவிழ்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, வரத் தாமதமானாலும் மேற்கு. இவருக்கு முதுகு பிடித்தாலும் மேற்கு. துளசி தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் மேற்கு.

3

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் ஒரு பெண் எஞ்சினியர் வந்தார். அந்த நேரம் பழைய நகரம் முழுவதும் திருத்த வேலை தொடங்கியிருந்தது. எந்தச் சந்தில் திரும்பினாலும் இரும்புக் குழாய்களும் பச்சை வலையும். எங்கள் ஒழுங்கைக்கும் முறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அவர் கட்டடம் முழுவதும் ஏறி இறங்கி, கடைசியாக என் குசினி வெடிப்புக்கு முன்னால் வந்து நின்றார். பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு நுனியையும் சாந்து பூசி ஒட்டினார்.

“சுவர் ஒரு மயிரளவு விலகினாலும் இது உடையும்” என்றார். “இந்தக் கட்டடத்திலேயே மோசமான வெடிப்பு உங்களுடையதுதான். வருகிற தை மாத நடுவில் வந்து பார்ப்பேன். கண்ணாடி முழுசாக இருந்தால், இரும்புக் கம்பியால் சுவர்களை இழுத்துக் கட்டி, உங்களை உள்ளேயே வைத்துக்கொண்டு அறை அறையாகத் திருத்தலாம். உடைந்திருந்தால் எல்லோரும் வெளியேற வேண்டும்.”

“எங்கே போவது?” என்று கேட்டேன்.

“அது என் கையில் இல்லை, சிஞ்ஞோரா” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீடு போனால் வீடு மட்டும் போகாது. இங்கே விலாசம் வேண்டும். அந்த விலாசத்தில் இருக்கிறோம் என்ற பதிவு வேண்டும். அது கையில் இல்லாமல் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் போய் நிற்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாமல் வேலை இல்லை. எங்கள் கட்டடத்தில் அரைவாசிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். எல்லோருடைய இருப்பும் என் குசினிச் சுவரில் ஒரு விரல் நீளக் கண்ணாடியில் வந்து தொங்கியது.

அன்றிலிருந்து அதற்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்கும் நடந்திராது. இவர் காலையில் குளித்து வந்து சாந்தின்மேல் விபூதி பூசினார். இரண்டாம் மாடியில் இருக்கும் மன்னார் பிலோமினா அக்கா, ஏறி வந்து பக்கத்திலேயே மடு மாதா படத்தைக் கொழுவினார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் கதவைத் தட்டி, என்னைச் சுகம் கேட்பதற்கு முன்னால், “கண்ணாடி சுகமோ தங்கச்சி?” என்று கேட்பார். சுவரோடு இருந்த மிக்ஸியை அறைக்குள் கொண்டுபோய் மெத்தைமேல் வைத்துச் சம்பல் அரைத்தேன். கதவை யாரும் அடித்துச் சாத்தக் கூடாது. துளசி துள்ளக் கூடாது. நான் எதற்கெடுத்தாலும் “பியானோ, பியானோ” என்று, மெதுவாக என்ற அர்த்தத்தில், சொல்லிச் சொல்லி அது என் வாயில் ஒட்டிவிட்டது.

“அம்மா, நீங்கள் என்னைவிடக் கண்ணாடியைத்தான் கூடப் பாக்கிறியள்” என்றாள் துளசி ஒருநாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

“நீ உடைஞ்சால் ஒட்டலாம் பிள்ளை” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் கீழே தொத்தோவிடம் போய்விட்டாள்.

4

தொத்தோ கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர். பல்லரோவில் ஒலிவ் காய் விற்கிறார். ஐம்பதைத் தாண்டிய, தொண்டை பெரிய மனிதர். நிலநடுக்கம் வந்தபோது இந்த வீட்டில் இருந்து, இன்றுவரை இந்த வீட்டிலேயே இருப்பவர் அவர் ஒருவர்தான். அறுபத்தெட்டிலிருந்து காற்சட்டையோடுதான் படுக்கிறார். சட்டைப்பையில் வீட்டைப் பூட்டும் திறப்பு, கட்டிலடியில் சப்பாத்து. நிலம் ஆடினால் முதல் ஆளாக வெளியே நிற்கவேண்டும் என்று சொல்வார். ஒழுங்கை முழுவதும் அவரை இதற்காகப் பகிடி பண்ணும்.

துளசி எங்களோடு கதைப்பதைவிட அவரோடு கதைப்பதுதான் அதிகம். அதுவும் பள்ளிக்கூடத்து இத்தாலியன் இல்லை, சந்தைச் சிசிலியன். கையை ஆட்டி ஆட்டி இரண்டு பேரும் கதைப்பதைக் கேட்டால், சண்டை என்று நினைத்து விலக்குப் பிடிக்கப் போய்விடுவீர்கள். நான் ஒரு வசனத்தை யோசித்துக் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் மூன்று விஷயம் தாண்டியிருப்பார்கள். பிள்ளை என் கண்முன்னாலேயே வேறெங்கோ குடிபெயர்கிறது என்று மனம் கனக்கும். அவளிடம் சொன்னால், “மம்மா, கீழ் வீட்டுக்குத்தானே போறன்” என்பாள்.

அந்த வருடக் கடைசியில் தொலைக்காட்சியைத் திறந்தால் நிலநடுக்கம்தான். புரட்டாதியில் வடக்கே அசிசியில் தேவாலயக் கூரை விழுந்த படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தை பிறந்ததும் பெலீச்சேக்கு முப்பது வருடம் என்று தொடங்கினார்கள். தகரக் கொட்டிலில் வளர்ந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் வந்து கதைத்தார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டு பார்த்தேன். எஞ்சினியர் பொங்கலன்று காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். என் கவலை முழுவதும் அதிலேயே இருந்தது.

இவருக்கு வேறு யோசனை.

“குசினிக்கை இனிப் பொங்கேலாது. கண்ணாடி பாக்க வாற நாளிலை பால் மேற்கை போனால் என்ன செய்யிறது? கீழை முத்தத்திலை பொங்குவம். நிலம் மட்டமாக் கிடக்கு.”

“எல்லாரும் போய்வாற இடமப்பா. கேக்காமல் செய்யேலுமே?”

“தொத்தோவைக் கேட்டனான். அடுப்புக்குப் பழப்பெட்டிப் பலகையும் தாறன் எண்டவன். வெடியும் வாங்கியாச்சு.”

“வெடியோ? உங்களுக்கென்ன விசரே? மேலை கண்ணாடி இருக்கு!”

“முத்தம் எங்கை, மூண்டாம் மாடி எங்கை? நீர் சும்மா பயப்பிடாதையும். இந்த ஊரிலை எந்தப் புனிதருக்குத்தான் வெடி கொளுத்தேல்லை? எங்கட சூரியனுக்கு ஒண்டு கொளுத்தினால் ஆர் என்ன சொல்லப் போயினம்?” பிறகு குரல் இறங்கியது. “ஊரிலை பொங்கலுக்கு வெடி கொளுத்தி எத்தினை வருசம்? சத்தம் கேட்டாலே சனம் பங்கருக்கை ஓடுது. இஞ்சையாவது ஒரு நல்ல சத்தம் கேப்பம்.”

வெடி இல்லாத பொங்கல் எனக்கும் பொங்கலாகப் பட்டதில்லை.

துளசி வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் அன்று பெலீச்சே நினைவுநாள். மெழுகுதிரி ஏந்தி ஏதோ வாசிக்க வேண்டுமாம்.

“அது பதினொரு மணிக்கெல்லோ? விடியப்புறம் வந்து மூண்டு சிறங்கை அரிசி போட்டிட்டுப் போ” என்றேன்.

“அது உங்கட பொங்கல். நான் நித்திரை கொள்ளப்போறன்” என்றாள்.

நினைவுநாள் என்றால் மாலை, மெழுகுதிரி, பேச்சு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது இந்த ஒழுங்கைச் சனத்தின் கால்களில் இருக்கிறது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. மற்ற யாருக்கு உறைக்காவிட்டாலும் எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

5

விடிவதற்கு முன்பே முற்றத்தைக் கூட்டிக் கோலம் போட்டேன். மூலையில் குவிந்து கிடந்த இடிந்த கற்களில் மூன்றைத் தேர்ந்து அடுப்பு வைத்தோம். மாவிலைக்குப் பதில் லாரல் இலை. கரும்புக்குப் பதில் பல்லரோவில் வாங்கிய ஆளுயரப் பெருஞ்சீரகத் தண்டு. தூரத்தில் பார்த்தால் கரும்பேதான், கிட்டப் போனால் கறித்தூள் மணக்கும். பிலோமினா அக்கா ஸ்வெட்டருக்கு மேலே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முந்திரிகை வற்றலோடு வந்தார். வாசல் வளைவுக்குக் கீழே தொத்தோவின் லாப்பா நின்றது. மூன்று சில்லுச் சாமான் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேலே படங்குத் துணியை இழுத்து மூடியிருந்தது. உள்ளே ஆள் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பால் நுரைத்து மேலே வரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் குதிரை கட்டிய இரும்பு வளையம் சுவரில் இருக்கிறது. இவர் வெடிச்சரத்தை அதில் தொங்கவிட்டு, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு, கொளுத்தினார்.

ஊரில் வெட்டவெளியில் கொளுத்துகிற வெடி வேறு. நாலு பக்கமும் மூன்று மாடிக் கல்லுச்சுவர் நிற்கிற கிணறு மாதிரியான முற்றத்தில் கொளுத்துகிற வெடி வேறு. ஒவ்வொரு வெடியும் நாலு முறை வெடித்தது. புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. மேலேயிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டி கழன்று கோலத்தில் விழுந்து தூளானது.

லாப்பாவின் படங்கு கிழிகிற மாதிரித் திறந்தது. உள்ளேயிருந்து தொத்தோ குதித்தார். காற்சட்டை போட்டிருந்தார், மேலே ஒன்றும் இல்லை. நிலநடுக்கம் வந்த திகதி கிட்ட வந்தால் இரண்டு மூன்று இரவு அவர் வீட்டுக்குள் படுப்பதில்லை, லாப்பாவுக்குள்தான் படுப்பார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

“உ திர்ரிமோத்து!” என்று கத்தினார். சிசிலியனில் நிலநடுக்கம்.

அவ்வளவுதான். ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. படிகளால் சனம் கொட்டுண்டு வந்தது. இரவுச்சட்டையோடு பெண்கள், போர்வையோடு பிள்ளைகள், ஒரு கையில் கனேரிக் குருவிக் கூடும் மற்றக் கையில் பல்செட்டுமாக எதிர்வீட்டு மனிதர். சிரிக்காதீர்கள். எங்கள் கையால் நாங்களே கொளுத்திய வெடி என்று தெரிந்தும், சனம் ஓடுவதைக் கண்டதும் நானும் வாசலுக்கு ஓடினேன். என் கால்களுக்கும் பழக்கம் இருக்கிறதே.

“மாதாவே! மேலை பிள்ளையெல்லோ!” என்று பிலோமினா அக்கா கத்தியபிறகுதான் எனக்குத் தன்னறிவு வந்தது. துளசி மேலே நித்திரை. திரும்பினேன். தொத்தோவைக் காணவில்லை. வாசல் அவருக்கு நாலு எட்டில் இருந்தது. ஆனால் அவர் வாசலால் ஓடவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். துளசியைப் போர்வையோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தொத்தோ இறங்கி வந்தார். அவள் அவருடைய முதுகில் குத்திக்கொண்டு, எனக்கு நடக்கத் தெரியும், விடு என்று சிசிலியனில் கத்தினாள். முற்றத்தின் நடுவுக்கு வந்து அவர் நின்றார். புகையைப் பார்த்தார். கோலத்தில் சிதறிக் கிடந்த சிவப்புக் கடதாசியைப் பார்த்தார். நெருப்புப்பெட்டியோடு நின்ற இவரைப் பார்த்தார்.

“இது என்ன?” என்றார்.

வக்கீல் வீட்டில் இவர் பொழியும் இத்தாலியன் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தோளில் தொங்கிய துளசிதான் பதில் சொன்னாள். அவள் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன். “பொங்கல், தொத்தோ. பால் பொங்கேக்கை வெடி கொளுத்துவம். சூரியனுக்கு நன்றி சொல்லுறது. சாவில்லை, சந்தோசம்.”

கனேரிக் குருவிக்காரர் பல்செட்டை மாட்டிக்கொண்டு, பொலிசைக் கூப்பிடுகிறேன் பார் என்று தொடங்கினார். எதிர்வீட்டு அம்மாள் இவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஏசினார். இவர் கை கூப்பிக்கொண்டு நின்றார். எனக்கு இவர்மேல் வந்த கோபத்தில் அகப்பையைத் தூக்கியிருப்பேன், அவ்வளவு பேருக்கு முன்னால் பாவமாக இருந்தது.

தொத்தோ கத்தவில்லை. துளசியைத் தோளிலிருந்து இறக்காமலே படியில் இருந்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கிட்டப் போனேன். சிரித்தார்.

“முப்பது வருசமா வெளியாலை ஓடுறதுக்கெண்டு காற்சட்டையோடை படுக்கிறன்” என்றார். “ஓடவேண்டி வந்த அண்டைக்குப் பாத்தால், மேலை எல்லே ஓடியிருக்கிறன்!”

கனேரிக் குருவிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒழுங்கையே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பயந்து ஓடிவந்த சனம் பயம் போனபிறகு சிரிக்கிற சிரிப்பை ஊரில் பங்கருக்குள் கேட்டிருக்கிறேன். அதே சிரிப்பு.

அப்போதுதான் இவருக்கு நினைவு வந்தது. பானையடிக்கு ஓடினார். பால் எப்போதோ பொங்கி அடங்கியிருந்தது.

“எந்தப் பக்கம் பொங்கினது? ஆராவது பாத்தனீங்களே?”

யாரும் பார்க்கவில்லை. பிலோமினா அக்கா கண்ணை மூடிச் செபம் சொன்னவர். நான் வாசலைப் பார்த்து ஓடினவள். இவருடைய முகம் விழுந்துவிட்டது.

“நான் பாத்தனான்” என்றாள் துளசி. “இஞ்சை, தொத்தோவின்ரை தோளிலை இருந்துகொண்டு. நாலு பக்கமும் பொங்கினது, பப்பா.”

பிறகு போர்வையோடு இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே மூன்று சிறங்கை அரிசி போட்டாள்.

6

சந்தோஷம் அவ்வளவு நேரம்தான். அரிசி கொதிக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண்ணாடி ஞாபகம் வந்தது.

நான் ஏறிய வேகத்தை இன்று நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. குசினி முழுவதும் சுண்ணாம்புத் தூள். மடு மாதா படம் கோணலாகத் தொங்கியது. கண்ணாடியின்மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. அதில் குறுக்கே, ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை, ஒரு கோடு.

பின்னால் வந்த இவரும் பார்த்தார். துடைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கை பட்டு இரண்டாகக் கழன்று விழுந்தால்? பத்து வருடத்தில் அந்தக் குசினியில் வாங்கிச் சேர்த்தது எல்லாம் கண்ணுக்குள் வந்தது. இதையெல்லாம் எந்தப் பெட்டியில் கட்டுவது என்றுகூட யோசித்தேன். ஒருமுறை கட்டியவளுக்கு அது தெரியும். பொங்கல் இறக்கியாயிற்று என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

எஞ்சினியர் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். பின்னால் பிலோமினா அக்கா செபமாலையோடு, அவருக்குப் பின்னால் சட்டை போட்ட தொத்தோ, அவருக்குப் பின்னால் ஒழுங்கை. என் குசினிக்குள் அவ்வளவு பேர் நின்றால் அந்தப் பாரத்துக்கே கட்டடம் இறங்கிவிடும் என்று தோன்றியது. துளசி பள்ளிக்கூடப் பையோடு கதவடியில் நின்றாள். போகச் சொன்னேன். பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

எஞ்சினியர் கோட்டைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, மெதுவாக, ஒரு பக்கமிருந்து மற்றப் பக்கம் துடைத்தார். கோடு கைக்குட்டையோடு வந்துவிட்டது. சிலந்தி நூல். எத்தனை வருடமாகவோ கூரையில் கிடந்தது, வெடிச்சத்தத்தில் கழன்று, சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு கண்ணாடியில் வந்து படுத்திருக்கிறது. என்னைப்போலத் துப்புரவுத் தொழில் செய்கிறவளின் குசினிக் கூரையில் சிலந்தி நூல் இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருநாள்தான்.

அவர் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். டிங் என்றது.

“முழுசு” என்றார். “வேலையைத் தொடங்கலாம். ஒருவரும் போகத் தேவையில்லை.”

பிலோமினா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இவர் எனக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? தொத்தோ துளசியைத் தூக்கப் போனார். போதும் என்று அவள் ஓடிவிட்டாள்.

“வெடிக்கும் தாங்கிச்சுதெல்லோ? அதையும் எழுதுங்கோ” என்று இவர் எஞ்சினியரிடம் கேட்டார். துணிவு திரும்பி வந்திருந்தது.

“வெடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்றார் அவர். “ஒரு வருடமாகச் சுவர் விலகவில்லை. அதுதான் பார்க்கவேண்டியது.”

அவர் சொன்னது சரி. ஆனால் கனேரிக் குருவிக்காரர் அதற்குள் படியிறங்கிவிட்டார். தமிழர் குண்டு வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், சுவர் மயிரளவும் அசையவில்லை என்று ஒழுங்கைக்கு அறிவித்தார். பல்லரோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சோதனைக்கென்றே இவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர் என்று கதை வளர்ந்திருந்தது. இன்றைக்கும் சந்தையில் சிலர் இவரை எஞ்சினியர் என்று கூப்பிடுகிறார்கள். இவரும் மறுப்பதில்லை.

அன்று பானையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. எஞ்சினியர் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார். துளசி ஒரு டப்பா நிறையப் பொங்கலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அங்கே வாசிக்கத் தந்ததை வாசித்துவிட்டு, எங்கள் கீழ் வீட்டுக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று தன் பாட்டுக்கு ஒரு கதை சொன்னாளாம். டீச்சர் என்னைக் கண்டபோது சொன்னார். அவள் எனக்குச் சொல்லவில்லை.

7

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் சீமெந்துத் தூளைத் தின்றோம். ஒரு அறையைத் திருத்தும்போது மற்ற அறையில் படுத்தோம். சமையல் பிலோமினா அக்கா வீட்டில், அவருடைய முறை வந்தபோது எங்கள் வீட்டில். இரும்புக் கம்பிகள் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குப் போய், வெளியே பெரிய திருகாணியோடு நிற்கின்றன. வெடிப்பை மூடிவிட்டார்கள். தலையில்லாத குழந்தைக்குப் புதுத் தலை வைத்தார்கள். முகம் தொத்தோவைப் போல இருக்கிறது என்று துளசி சொல்கிறாள். பெர்மெஸ்ஸோவை அதே விலாசத்தில் புதுப்பித்துவிட்டோம். கண்ணாடித் துண்டை இவர் கழற்றிச் சாமியறையில் வைத்திருக்கிறார்.

குசினி நிலத்தை மட்டம் செய்து ஓடு பதித்தது போன மாதம். முட்டுகளைக் கழற்றிய அன்று பின்னேரம், வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது, தொத்தோ புது நிலம் பார்க்க ஏறி வந்தார். சப்பாத்துக் காலால் இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். இவரும் வேலை முடிந்து வந்திருந்தார். துளசி பள்ளிக்கூடப் பையோடு வந்தவள், பையை எறிந்துவிட்டுப் பல்கனிக் கதவடியில் போய்க் குந்தினாள். பதின்மூன்று வயது. குந்தினால் முழங்கால் காதுவரை வருகிறது.

“விடுங்கோ அம்மா” என்றாள்.

மேசையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நிலத்தில் வைத்துக் கையை எடுத்தேன். அவள் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். தேசிக்காய் வைத்த இடத்திலேயே இருந்தது.

“எங்கட வீடு நிக்குது” என்றாள் துளசி. சொல்லிவிட்டு உடனே, “இனி என்னத்தை விளையாடுறது?” என்று முகத்தைச் சுளித்தாள்.

இவர் கவலையோடு நிலத்தைப் பார்த்தார். “இனிப் பால் மேற்கை போனால் ஆரைக் குறை சொல்லுறது?”

“இனியும் முத்தத்திலைதான் பொங்கவேணும்” என்றார் தொத்தோ. “வாற தைக்குப் பெரிய சரமா வாங்கு. ஒழுங்கைக்கெல்லாம் முதல் நாளே சொல்லி வைக்கிறன்.” பிறகு சட்டைப்பையைத் தடவி, திறப்போடு கிடந்த லைட்டரை எடுத்துக் காட்டினார். “இந்த முறை நான்தான் கொளுத்துவன்.”